'கல்'லை மாற்றினால் 'கல்வி'யும் மாறுமா? 'ரிப்ளேஸ் ஆல்' அழுத்தும் முன் ஒரு நிமிஷம்!

'மெடிரிவ்யூ'. எந்த அகராதியிலும் இல்லாத இந்த ஆங்கிலச் சொல், 2002 வாக்கில் பல இணையப் பக்கங்களில் முளைத்திருந்தது. காரணம், யாஹூ மெயில். மின்னஞ்சல் வழியே ஆபத்தான நிரல்கள் நுழைவதைத் தடுக்க, 'ஈவல்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை 'ரிவ்யூ' என்று தானாக மாற்றியது அது. இடைக்காலத்தைக் குறிக்கும் 'மெடிவல்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி 4 எழுத்துகளும் அதேதான். அதுவும் சேர்ந்து மாறிவிட்டது!

ரெஜெக்ஸ் என்றால் என்ன?

குறிப்பிட்ட சொல்லை மட்டுமல்ல, எழுத்துகளின் அமைப்பையே தேடி மாற்ற உதவும் குறியீட்டு முறைதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். சுருக்கமா ரெஜெக்ஸ். '10 இலக்க எண் எங்கிருந்தாலும் கடைசி 4 இலக்கம் தவிர மற்றதை மறை' என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

யாஹூவின் சிக்கலுக்கும் இதில் தீர்வு உண்டு. 'முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று' எனச் சொல்லும் 'பேக்ஸ்லாஷ் பி' குறியைத் தேடும் சொல்லின் இரு பக்கமும் போட்டால் போதும். ஆனா, அது ஆங்கிலத்துக்கு!

தமிழில் தலைகீழ்

ஒரு கட்டுரையில் 'கல்' என்பதைப் 'பாறை' என மாற்ற வேண்டும். சும்மா மாற்றினால் 'கல்வி', 'பாறைவி' ஆகிவிடும். சரி என்று அந்தக் குறியைச் சேர்த்து பைத்தானில் ஓட்டினால், தனியாக நிற்கும் 'கல்' மாறாது. 'கல்வி' மட்டும் மாறும்!

ஏன்? பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுப்பு, புள்ளியையும் துணைக்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எண்ணுவதில்லை. அதன் கணக்கில் 'ல்'லின் புள்ளியும் அடுத்துள்ள இடைவெளியும் ஒரே ரகம்; எனவே அங்கே சொல் எல்லை இல்லை. 'கல்வி'யில் புள்ளிக்குப் பிறகு 'வ' வருவதால், எல்லை அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டிலோ இந்தக் குறிக்குத் தமிழ் எழுத்தே தெரியாது.

யார் பொறுப்பு?

இத்தகைய குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்பதே யூனிகோடின் பரிந்துரை. பைத்தானில் தனியாக நிறுவிக்கொள்ளும் 'ரெஜெக்ஸ்' தொகுப்பு அப்படித்தான் நடந்துகொள்கிறது. வழி இருக்கும்போது, 'தமிழ்னாலே இப்படித்தான்' என்று கடந்துபோவது சோம்பேறித்தனம்.

ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு 'தமிழிலும் இயங்கும்' என அறிவிக்கும் செயலியில், நாளை சிதைவது ஒருவரின் பெயராகவோ முகவரியாகவோ இருக்கலாம். 'கல்', 'கல்வி', 'கல்லூரி' என மூன்றே சொற்களைச் சோதனையில் சேர்க்க ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் 'ரிப்ளேஸ் ஆல்' அழுத்துபவர், தப்பை கம்ப்யூட்டர் மேல் போட முடியாது.