முதல் இரவு ஜிஸ்பாவில்

மணாலியிலிருந்து லேவுக்கு மோட்டார் சைக்கிளில் போவது என்று முடிவு செய்துவிட்ட இளைஞனின் வீட்டுக் கூடம் ஏப்ரல் மாதமே கிடங்காகிவிடுகிறது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ், முழங்கால் கவசம், மழைக்கோட்டு, எதற்கென்றே தெரியாமல் வாங்கிய மூன்றாவது டார்ச். அம்மா முறுக்கு டப்பாவை நீட்டுகிறார். அப்பா வண்டியின் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியைத் தேடுகிறார். பட்டியலில் எல்லாமே இருக்கிறது, முதல் நாள் இரவு எந்த உயரத்தில் படுக்கப் போகிறோம் என்ற ஒரு வரியைத் தவிர.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ரோதாங் கணவாயே பதில் சொல்லிவிடும். 3,978 மீட்டர் உயரம், சேறு, நகராத லாரி வரிசை. அதைக் கடந்து லாஹவுல் பள்ளத்தாக்கில் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இடுப்பு ஒடிந்த களைப்பில் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ விழுந்து தூங்குவார்கள். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. நான்கைந்து மணி நேரம் மிச்சம். மிச்சமான நேரத்தை என்ன செய்வது? அதே நாளில் சர்ச்சு வரை விரட்டிப் போய் டென்ட் அடிக்கலாம் என்ற ஆசை வருகிறது. தூரம் சுமார் 175 கிலோமீட்டர்தான்.

வில்லங்கம் தூரத்தில் இல்லை. காலையில் 2,050 மீட்டரில் பல் தேய்த்தவர் இரவு 4,290 மீட்டரில் படுக்கிறார். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவம் தெரிந்த டாக்டர்களின் கணக்கு. உடல் அந்தக் காற்றுக்குப் பழக நாட்கள் வேண்டும். அவசரப்பட்டால் முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கமின்மை. இதோடு நின்றால் பிழைத்தோம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிஜனும் மருந்தும் சற்று நேரம் வாங்கித் தரும். உடனே கீழே இறங்குவதுதான் உயிரைக் காக்கும்.

சர்ச்சுவிலிருந்து கீழே இறங்க நல்ல வழி கிடையாது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். ஒரு பக்கம் சுமார் 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாய். மறுபக்கம் 5,000 மீட்டருக்கு மேலே லாச்சுலுங். எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் இறங்க வேண்டும். நள்ளிரவில், மைனஸ் குளிரில், தள்ளாடும் நண்பனைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தை யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

வண்டியைப் பற்றிய கவலை இப்போது பாதி குறைந்துவிட்டது. எல்லைக் காவலுக்காக ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததும், 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா பிறந்ததும் பழைய கதை. ஆனால் அந்தக் கதையின் மயக்கத்தில் புல்லட் வாங்கினாலே லடாக் வந்துவிட்ட மாதிரி நினைப்பவர்கள் இன்றும் உண்டு. கார்புரேட்டர் வண்டிகள் உயரம் ஏற ஏற, காற்று போதாமல் கரும்புகை கக்கித் திணறும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டிகள் பெட்ரோலைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. ஓட்டுபவரின் நுரையீரலுக்கு அந்த வசதி சில நாள் கழித்துத்தான் கிடைக்கும்.

இருந்தாலும் பெட்ரோல் கணக்கை உட்கார்ந்து போட வேண்டும். சந்திரா, பாகா ஆறுகள் கூடும் தாண்டியில் (தமிழ் வினையெச்சம் அல்ல, ஊர்ப் பெயரேதான்) ஒரு பெட்ரோல் பங்க். அடுத்தது 365 கிலோமீட்டர் தள்ளித்தான் என்று எச்சரித்த அதன் பலகை எத்தனையோ ஆல்பங்களில் இருக்கிறது. 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் 450 வரும், தாராளம் என்று தோன்றும். மூட்டை முடிச்சோடு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறும்போது அது 25 ஆகிவிடும். 375. கையிருப்பு வெறும் 10 கிலோமீட்டர். 5 லிட்டர் கேன் ஒன்று அவசியம். மூடி கசியாததா என்று வீட்டிலேயே குப்புறக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. பெட்ரோல் நாற்றம் ஏறிய ஸ்லீப்பிங் பேக்கில் படுத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கனமான சாமான்களைப் பின்னால் உயரமாக அடுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. முன் சக்கரம் லேசாகி, சரளையில் ஹேண்டில்பார் சொன்ன பேச்சு கேட்காது. கருவிகளும் ஸ்டவ்வும் பக்கவாட்டுப் பைகளில் தாழ்வாக, டென்ட் மட்டும் மேலே. புது கிளட்ச் கேபிளைப் பைக்குள் வைக்காமல் பழைய கேபிளோடு சேர்த்தே டேப் சுற்றிவிட்டால், அறுந்ததும் மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

டென்ட்டை ஒரு ராத்திரியாவது மொட்டை மாடியில், விளக்கை அணைத்துவிட்டு, அடித்துப் பார்க்க வேண்டும். மாடியில் ஆணி இறங்காதே என்பார்கள். ஜிஸ்பாவின் ஆற்றங்கரைச் சரளையிலும் லேசில் இறங்காது. கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டப் பழக அதுவே நல்ல இடம். அப்புறம் முழுச் சுமையோடு ஒரு வார இறுதி: மும்பைக்காரர் பண்டார்தராவுக்கு, சென்னைக்காரர் ஏலகிரிக்கு. திரும்பி வந்ததும் பையில் எதையெல்லாம் தொடவே இல்லை என்று பார்த்தால் மூன்றாவது டார்ச் வீட்டிலேயே தங்கிவிடும். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து அதிகம் ஏறும் என்பதும் அன்று புரியும். கூடுதல் கம்பளியைவிட நல்ல பாய் முக்கியம்.

சாப்பாட்டுக்கு அரிசி வேண்டாம். ஜிஸ்பாவில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சாதம் வேகாது. அவலுக்குச் சுடுதண்ணீரே போதும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் ராஜபோகம். ரம் பாட்டில் மட்டும் கூடாது. தூக்க மாத்திரையும் அப்படித்தான். உயரத்தில் இரண்டுமே மூச்சை மட்டுப்படுத்தும். மலை உபாதைக்கான அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

லீவு தாராளமாக இருப்பவர்கள் ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே புத்திசாலித்தனம். அந்தப் பாதை உடலை மெதுவாகப் பழக்குகிறது. மணாலி வழியாகத்தான் போவேன் என்றால் முதல் நாள் 100 கிலோமீட்டருக்குள் வரும் ஜிஸ்பாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உயரம் 3,200 மீட்டர். அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பினால் பாதையில் குறுக்கிடும் ஓடைகளில் பனி உருகிய தண்ணீர் குறைவாக இருக்கும், மத்தியானம் அது முழங்காலைத் தொடும். சர்ச்சுவில் டீ மட்டும் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் சிந்து நதிக்கரைக்கு இறங்கிவிடலாம். தலைவலியோடு எழுந்தவர் அன்றைக்குக் கிளம்பக் கூடாது, கூட்டமே அவருக்காக நிற்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தை வீட்டுக் கூடத்திலேயே செய்துகொள்வது நல்லது, மலையில் யாருக்கும் பொறுமை இருக்காது.

இரண்டாம் நாள் ஜிஸ்பாவில் பெரிய வேலை எதுவும் இருக்காது. செயினுக்கு எண்ணெய் விடலாம். நட்டுகளை முறுக்கிப் பார்க்கலாம். பாகா நதியைப் பார்த்துக்கொண்டு அம்மா கொடுத்த முறுக்கைத் தின்னலாம்.