பொதுக் கிணறும் நம் கடமையும்

ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் பலர். தூர் வாருவோர் சிலரே. இன்றைய கணிப்பொறி உலகிலும் இந்நிலையையே காண்கிறோம்.

இணையவழி நாம் பெறும் எழுத்துத் தரவுகளிற் பெரும்பகுதி சுருக்கப்பட்டே வருகிறது. முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமாயின், அதனைத் திரும்ப எழுதாது இடத்தையும் நீளத்தையும் மட்டும் குறிப்பதே இதன் அடிப்படை. 1977இல் லெம்பெல், சிவ் என்னும் அறிஞர் இருவர் வகுத்த நெறி இது. இந்நெறியைத் தழுவி 1992இல் ஜிசிப், 1995இல் இசட்லிப் ஆகியவை, எவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்த மூல நிரல்களாக வெளிவந்தன.

சுருக்கியதை விரிக்கும் பணி எளிதன்று. இம்முறையில் ஒரு மெகாபைட் தரவு ஏறத்தாழ ஆயிரம் மெகாபைட்டாகவும் விரியக்கூடும். வருவது பழுதுற்றதாகவோ, வஞ்சகமாகப் புனையப்பட்டதாகவோ இருக்கலாம். ஆகவே, அளவை எல்லைக்குட்படுத்தி, ஒவ்வோர் அடியிலும் சோதித்தே விரித்தல் வேண்டும். இச்சோதனைக்கெனப் பழுதான கோப்புகளையும் நிரலர் சேர்த்து வைப்பர். அவை கண்ணால் படித்தறிய இயலாதவை.

வஞ்சகம் அங்கேயே ஒளிந்தது. எக்ஸ்.இசட். என்னும் சுருக்க நிரலைப் பல ஆண்டுகள் ஒருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். ஜியா டான் என்னும் பெயரில் உதவ வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, 2024இல் அச்சோதனைக் கோப்புகளுள் கள்ளவழி ஒன்றைப் புதைத்தார். தொலைக்கணிப்பொறியில் நுழைய அரை நொடி கூடுதலாவதை ஐயுற்று ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், மார்ச் 29 அன்று அதனை உலகறியச் செய்தார். நிலைபெற்ற லினக்ஸ் பதிப்புகளிற் பெரும்பாலானவற்றை எட்டுமுன்னரே தீங்கு தடுக்கப்பட்டது.

நிரலைத் திறந்து வைத்ததே குற்றம் என்பார் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. நிரல் திறந்திருந்தமையாலன்றோ ஐயுற்றவர் அடிவரை சென்று ஆராய முடிந்தது? பலர் பயன்கொள்ளும் ஒன்றின் பாரத்தை ஒருவர் தோளில் ஏற்றியதே குற்றம்.

எனவே, இந்நிரல்களால் பொருளீட்டும் நிறுவனங்கள் பேணுவோர்க்கு ஊதியம் நல்க வேண்டும். கணிப்பொறி பயிலும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நிரலையேனும் ஆழ்ந்து படித்து, பிழை கண்டு அறிவிக்கப் பழகுதல் வேண்டும். ஆசிரியர்கள் அதனைப் பாடத்தின் பகுதியாகவே கொள்ளலாம். நீர் அருந்தும் நாம் ஆளுக்கொரு கூடை தூரேனும் வாருவோமாக!