சேமித்த பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா?

2019 மே 12 அன்று, சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அதே நாளில் இதே புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வரி எந்த உரையாடலின் நடுவே எழுதப்பட்டது என்பதைப் பார்க்காமலேயே பலர் கொதித்தெழுந்தார்கள்.

அதன் பிறகுதான், எமது கரையோரம் பற்றிய செய்திகளையும் முகநூல் பதிவுகளையும் ஒவ்வோர் இரவும் தரவிறக்கிச் சேமிக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை வாடகை சேர்வரில் ஓடவிட்டேன். அதன் பதிவேட்டில் எந்நாளும் '200', அதாவது வெற்றி. சில மாதங்கள் கழித்துக் கோப்புகளைத் திறந்தேன். முகநூல் கோப்புகள் அனைத்திலும் இருந்தது உள்நுழையச் சொல்லும் பக்கம். வேறு சிலவற்றில் 'தளம் பராமரிப்பில் உள்ளது' என்ற அறிவிப்பு. மூலப் பக்கங்களில் பல அதற்குள் நீக்கப்பட்டிருந்தன.

தவறு என்னுடையதே. 200 என்பது சேர்வர் ஏதோ ஒன்றைத் தந்தது என்பதற்கே சான்று. நாம் கேட்டதைத் தந்தது என்பதற்கல்ல.

இப்போது ஸ்கிரிப்ட் மூன்றைச் சரிபார்க்கிறது. தலைப்பின் சொற்கள் கோப்பில் உள்ளனவா? வெவ்வேறு முகவரிகளின் கோப்புகள் ஒரே அளவில் உள்ளனவா? அப்படியானால் அவை பெரும்பாலும் ஒரே பிழைப் பக்கம். பழைய தளம் பாமினி எழுத்துருவில் உள்ளதா? அப்படியானால் எழுத்துருவையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். இல்லையேல் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். பின்னர் மாற்றப்படவில்லை எனக் காட்ட, ஒவ்வொரு கோப்பின் ஷா-256 குறியீட்டையும் திகதியோடு வேறிடத்தில் எழுதிவைக்கிறேன். முகநூல் பதிவுகளை உள்நுழைந்து கையாலேயே சேமிக்கிறேன்.

சேர்வர் எந்த நாட்டில் உள்ளது என்பதும் முக்கியம். 2007 முதல் 2015 வரை இலங்கையில் தமிழ்நெற் முடக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் உள்நாட்டு இணைப்பில் ஓடிய ஸ்கிரிப்டுக்கு அதன் பக்கங்கள் எட்டியிராது. வெளிநாட்டுச் சேர்வருக்கு எட்டியிருக்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தவர்களில் பலர் காணி உறுதியைக்கூட எடுத்துவர முடியாதவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் இன்றும் ஆதாரம் கேட்கப்படுகிறது. கையில் இருப்பதாக நம்பிய ஆதாரம், தேவைப்படும் நாளில் வெறும் உள்நுழைவுப் பக்கமாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சேமித்த அன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.