மிதிவண்டி கற்பிக்கும் உரிமை

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் செல்வோர், சீருடையணிந்து மிதிவண்டியில் விரையும் மாணவியரைக் காணலாம். இக்காட்சி இன்று நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆயின், இஃது எளிதில் வாய்த்த உரிமையன்று.

1974 வரை நம் திருச்சி மாவட்டத்தோடு இணைந்திருந்த புதுக்கோட்டையில், 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவிக்க வந்த அவ்வியக்கம், மகளிர்க்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயலில் உழைப்போரும் கல்லுடைப்போரும் ஊர்ச் செவிலியரும் கற்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில், ஏறத்தாழ 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் அணிவகுத்தனர். ஏளனச் சொற்கள் எழாமலில்லை. அவற்றை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பேருந்துக்கும் துணைவரும் ஆடவருக்குமாகக் காத்திருந்த பொழுது அவர்களுக்கே உரியதாயிற்று. தண்ணீர்க்குடமும் விளைபொருளும் குழந்தையும் வண்டியேறின.

இங்கு நாம் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. மிதிவண்டியை ஒருவர் தனித்தே ஓட்டுகிறார். ஆயினும், துணையின்றிக் கற்றவர் அரியர். இருக்கையின் பின்புறத்தைப் பற்றியவாறு உடன் ஓடிவர ஒருவர் வேண்டும். புதுக்கோட்டையில் கற்றுத்தேர்ந்த பெண்ணே மற்றொருத்திக்கு ஆசிரியையானாள். ஏவலுக்கு அஞ்சாமல், கூலி கருதாமல், விரும்பியே அப்பணி செய்தாள். உரிய நேரத்தில் கையை எடுத்துவிடுதலும் அவ்வுதவியின் பகுதியே. எடுக்க மறுக்கும் கை தளையாகிவிடும்.

தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் மேனிலை வகுப்பு மாணாக்கர் பலருக்கும் விரிந்தது. வண்டியை அரசு தரலாம். அதனை ஓட்டும் உரிமையை இல்லமே ஏற்க வேண்டும்.

கல்வி தேடுதல் இருபாலார்க்கும் கடமையென நம் மேடைகள் முழங்குகின்றன. ஆயினும், ‘வயதுவந்த பெண் வண்டியோட்டுவதா?’ என்னும் வினா நம் தெருக்களில் முற்றும் மறைந்திலது. அவ்வினாவுக்கு அஞ்சிப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெண்களை நாம் அறிவோம். கண்ணியம் ஒழுக்கத்தில் உறைவது. நடந்து செல்வதா, ஓட்டிச் செல்வதா என்பது அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

மாணவத் தோழர்கள் சாலையில் வழிவிட்டு, ஏளனம் தவிர்த்தலும் ஒத்துழைப்பே. சமுதாயப் பெரியோரை நாம் பணிவுடன் வேண்டுவது இது: பெயர்த்தி மிதிவண்டி கேட்டால் இருக்கையின் பின்புறத்தைப் பற்றி அவளுடன் சிறிது தொலைவு ஓடுங்கள். அவள் நிலைகொண்டதும் கையை எடுத்துவிடுங்கள்.