குருத்து இருக்கும்வரை கவலை இல்லை



எங்கள் குலசையில் பனை ஏறுகிறவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள். ஓலையை வருஷா வருஷம் வெட்டினாலும் மரம் தாங்கும். உச்சியில் இருக்கிற குருத்தில் மட்டும் கை வைத்துவிடக் கூடாது, மரமே பட்டுப்போகும் என்று. இந்தப் பாடம் ஒரு மூன்று வயதுக் குழந்தையின் வயிற்று வியாதியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் பெரியக்கா மகளை அரியானாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் கோடை லீவுக்குக் குழந்தையோடு வந்தாள். பையனைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கை கால் குச்சி. வயிறு மட்டும் பானை மாதிரி. எடை பத்துக் கிலோதான். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பேதி. "பல்லு முளைக்கிற சூடு"ன்னு ஒருத்தி, "கண்ணு பட்டுட்டு"ன்னு இன்னொருத்தி. முத்தாரம்மன் கோயிலில் திருநீறு போட்டோம், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம்.

இங்கே இருந்த இரண்டு மாதமும் பையன் இட்லி, சோறு, புட்டும் கருப்பட்டியுமாகச் சாப்பிட்டான். பேதி குறைந்தது. முகத்தில் களை வந்தது. "பாத்தியாட்டி, ஊர்த் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கிட்டு"ன்னு அக்காவுக்கு ஒரே பெருமை. நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பிப் போன ஒரே மாதத்தில் பழைய கதை. அங்கே ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை செய்து, பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். சீலியாக் நோய். பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது தண்ணீர் அல்ல, அரிசி! ஒத்துக்கொள்ளாதது கோதுமை.

சப்பாத்தி மாவைப் பிசைந்தால் ஜவ்வு மாதிரி இழுக்கிறதே, அதற்குக் காரணம் குளூட்டன் என்ற புரதம். கோதுமையில் இருக்கிறது. பார்லியிலும் அதே ஜாதிப் புரதம் உண்டு. பிறவியிலேயே அதற்கான மரபணு உள்ள சிலருக்கு, இது குடலுக்குள் போனதும் உடம்பின் காவல் சக்தி அதைப் பகையாளி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. அடி விழுவது சொந்தக் குடலுக்கு. குடலின் உள்பக்கம் வெல்வெட்டுத் துணி மாதிரி நுண்ணிய உறிஞ்சிகள் நிறைந்தது. அவை தேய்ந்து தரை மட்டமாகிவிட்டால், எவ்வளவு ஊட்டினாலும் சத்து உடம்பில் ஒட்டாது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. அவருக்கு ரொம்ப நாளாகவே கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் யுத்தப் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரே மெலிய, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-ல் தம் ஆராய்ச்சி நூலில் எழுதி வைத்தார்.

நம் தேசத்திலும் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் 23,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்த நோய். தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். அதற்குரிய மரபணுவோ வடக்கே நூற்றுக்கு 38 பேர், தெற்கே 36 பேர் என்று ஏறக்குறைய ஒன்றே! வித்தியாசம் தட்டில் இருந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு அங்கே 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். இப்போது நம் வீடுகளிலும் ராத்திரி சப்பாத்தி, சாயங்காலம் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா என்று ஆகிவிட்டது. 'நம்ம பக்கம் இது வராது' என்று இனி இருந்துவிட முடியாது.

சரி, கதைக்கு வருகிறேன். சப்பாத்தியை நிறுத்தி நாலு மாதம் ஆகியும் பையன் பாதிதான் தேறினான். ஒரு நாள் அக்கா அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தாள். "ஏட்டி, மருமவன் ஒரு விளம்பரம் பாத்திருக்காராம். ஸ்டெம் செல் ஊசியாம். போட்டா குடல் புதுசா முளைச்சிருமாம், சப்பாத்தியே தின்னலாமாம். ரெண்டு லட்சம் கேக்காங்க. எட்டுப் பவுன் சங்கிலிய வச்சிரலாம்னு பாக்கேன்."

"அக்கா, ஒரு நாள் பொறு. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சுக்கோ" என்று சொல்லி, தூத்துக்குடியில் எங்களுக்குத் தெரிந்த குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்றும் சொல்கிறார்கள். நம் குடலில் உறிஞ்சிகளின் அடிவாரத்தில் உள்ள சின்னக் குழிகளில் அவை இருக்கின்றன. அங்கே பிறக்கும் புது அணுக்கள் மேலே ஏறி, மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் குடலின் உள்தோலையே புதுப்பித்துவிடும். இந்தக் குருத்தணுக்களை 2007-ல் ஹாலந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் அடையாளம் கண்டார்கள். சீலியாக் நோயில் அழிவது மேலே உள்ள உறிஞ்சிகள்தான். குழியில் உள்ள குருத்தணுக்கள் அதிகமாகவே உழைக்கின்றன. ஆனால் முளைக்க முளைக்கச் சண்டையில் அழிந்துபோகிறது.

எனக்குச் சட்டென்று பனை ஞாபகம் வந்தது. "அப்போ ஓலைதான் போச்சு, குருத்து இருக்கு, அப்படித்தானே டாக்டரம்மா?" என்றேன். "அதேதான். வெட்டுறதை நிறுத்துங்க, அது தானா தழைக்கும்" என்றார்.

ஊசி விஷயம் என்ன? ஆம்ஸ்டர்டாமில் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 7 நோயாளிகளுக்கு அவரவர் ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருப்பி ஏற்றிப் பார்த்தது உண்மை. ஆனால் அவர்கள் கோதுமையை அடியோடு விட்டும் ஆறாத, புற்றுநோயாக மாறக்கூடிய அபூர்வ வகை உள்ளவர்கள். முதலில் புற்றுநோய்க்குக் கொடுப்பது போன்ற கடுமையான மருந்து கொடுத்த பிறகே ஏற்றினார்கள். நம் பையன் போன்ற குழந்தைக்கு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டியும், சில ரத்த வியாதிகள் போன்றவற்றுக்குத் தவிர மற்றதெல்லாம் முறையான பரிசோதனைக் கட்டத்தில் மட்டுமே செய்யலாம் என்கிறது. அப்படிப்பட்ட பரிசோதனைக்கு நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது. சங்கிலி அக்கா கழுத்திலேயே இருந்தது.

"அப்ப ஏன் பிள்ளை தேறல?" என்றாள் அக்கா. டாக்டரம்மா எங்கள் சமையலைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். வேர்த்துப் போனேன். சாம்பார் பொடி, இட்லிப் பொடி எல்லாம் மாதா மாதம் என் கையால் அரைத்து அனுப்புகிறேனே! அதில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கலாமாம். வீட்டுக்கு வந்து டப்பாவின் பின்பக்கம் பார்த்தேன், அச்சடித்தே இருந்தது. இத்தனை வருஷம் படித்ததில்லை. மகளோ அங்கே கோதுமை அரைக்கிற அதே மில்லில் அரிசி மாவு அரைத்திருக்கிறாள். இத்தாலியில் 2007-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடலைக் கெடுத்தது. பாசத்தோடு விஷம் அனுப்பியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அன்று முதல் நாங்கள் கடைப்பிடிப்பதை உங்களுக்கும் சொல்கிறேன்:

1. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் கலந்த பானம் எதுவும் கூடாது. நம் திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பால்தான்! அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பனங்கிழங்கு தாராளமாகத் தரலாம்.

2. பெருங்காயம் வேண்டாம், இஞ்சி, பூண்டு, சீரகம் போதும். மாவு வீட்டு மிக்ஸியில். பிள்ளைக்குத் தனித் தோசைக்கல், தனிக் கரண்டி.

3. டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று போட நம் அரசாங்க விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

4. சந்தேகம் வந்ததும் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனை முடியும் வரை சாப்பிட்டால்தான் வியாதி தெரியும். பேதி இல்லாமலும் வரலாம்: மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை, வளராத பிள்ளை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

5. அவசரப்படாதீர்கள். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறும். பெரியவர்களுக்கு, அமெரிக்காவில் 2010-ல் வந்த கணக்கில், இரண்டு வருஷத்தில் நூற்றுக்கு 34 பேருக்கும் ஐந்து வருஷத்தில் 66 பேருக்கும்தான் குடல் ஆறியிருந்தது. ஆறிய பிறகும் பத்தியம் ஆயுசுக்கும்.

போன தசராவுக்குப் பையன் வந்திருந்தான். பதினாலு கிலோ! ரத்தப் பரிசோதனையும் சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. காளி வேஷம் போட்டவர்கள் பின்னாலேயே கடற்கரை வரை ஓடினான். வழியில் பக்கத்து வீட்டு ஆச்சி பிரியமாக ஒரு பிஸ்கட் நீட்டினார்கள். "எனக்குக் கோதும ஆகாது ஆச்சி"ன்னு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆச்சி உள்ளே போய் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் பெருங்காய டப்பா இருக்கிறதா? இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.