பளபளப்பா, பலமா? பையனுக்கு முதல் பி.எம்.எக்ஸ். சைக்கிள்

"அப்பா! எனக்கு ஒரு பி.எம்.எக்ஸ். சைக்கிள் வேண்டும்!"

அமெரிக்காவில், கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கும்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு கேட்கிறது. கேட்கிற பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். தகப்பனார் கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். வீட்டு வாடகை, பெட்ரோல், மளிகைச் செலவு எல்லாம் போக மிஞ்சியதைத்தான் சைக்கிளுக்குக் கொடுக்க முடியும்.

அவர் ஒரு பெரிய கடைக்குப் போகிறார். ரொட்டி முதல் படுக்கை விரிப்பு வரை எல்லாம் விற்கும் கடை அது. அங்கே சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கின்றன. விலை 100 அல்லது 150 டாலர். "இதுதான் மலிவு" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

தவறு நடப்பது அங்கேதான்!

அந்தச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகலாம். கடைக்குப் போகலாம். ஆனால் பையன் அதற்காகவா கேட்டான்? படிக்கட்டில் இருந்து குதிப்பதற்கு அல்லவா கேட்டான்! குதிப்பதற்கென்று செய்யாத சைக்கிளில் குதித்தால், சைக்கிளும் உடையும், பல்லும் உடையும்.

பணம் குறைவாக உள்ளவர்கள்தான் நல்ல சைக்கிளாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏன்? இரண்டாவது தடவை வாங்க அவர்களிடம் பணம் இருக்காது.

காசில்லாத பிள்ளைகள் கண்ட விளையாட்டு

பி.எம்.எக்ஸ். என்பது "பைசிக்கிள் மோட்டோகிராஸ்" என்ற பெயரின் சுருக்கம். கரடுமுரடான மண் பாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவதற்கு "மோட்டோகிராஸ்" என்று பெயர்.

1970-ம் ஆண்டு வாக்கில், கலிபோர்னியா மாநிலத்துச் சிறுவர்களுக்கு அந்தப் பந்தயத்தின் மேல் பெரிய ஆசை. ஆனால், மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் ஏது? வீட்டில் இருந்த சின்னச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண் மேட்டுக்குப் போனார்கள். ஷ்வின் கம்பெனி 1963-ல் "ஸ்டிங்-ரே" என்ற சைக்கிளை வெளியிட்டிருந்தது. அதன் சக்கரம் 20 அங்குலம். ஏறவும் குதிக்கவும் அது வசதியாக இருந்தது.

1971-ல் "ஆன் எனி சண்டே" என்ற மோட்டார் சைக்கிள் படம் வந்தது. சிறுவர்கள் சைக்கிளில் பந்தயம் விடுவதை அந்தப் படத்தின் தொடக்கத்தில் காட்டினார்கள். அதைப் பார்த்த மற்ற ஊர்ப் பிள்ளைகளும் களத்தில் இறங்கினார்கள்.

அந்த விளையாட்டு இன்று எங்கே போய்விட்டது! 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். பந்தயம் சேர்ந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், மேடுகளில் பறந்து வித்தை காட்டும் போட்டியும் சேர்ந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் இங்கிலாந்தின் சார்லட் வொர்திங்டன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர். ஆகையால், இது ஆண் பிள்ளைகளின் விளையாட்டு மட்டும் அல்ல.

இதில் "தெரு ஓட்டம்" என்று ஒரு வகை உண்டு. அதற்கு மைதானம் வேண்டாம். நுழைவுக் கட்டணம் இல்லை. படிக்கட்டும், கைப்பிடிக் கம்பியும், நடைபாதை விளிம்பும்தான் மைதானம். இரண்டு சக்கரங்களையும் தரையில் இருந்து எழுப்பித் துள்ளுவது முதல் பாடம். "முயல் துள்ளல்" என்று அதைச் சொல்லுகிறார்கள். பிறகு, கம்பியின் மேல் சைக்கிளோடு வழுக்கிக்கொண்டு போகப் பழகுகிறார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பெரிய செலவு சைக்கிள் ஒன்றுதான். அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரும்பைப் பார்!

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் வர்ணத்தைப் பார்க்கக் கூடாது. வர்ணத்துக்கு உள்ளே இருக்கும் இரும்பைப் பார்க்க வேண்டும்.

மலிவுச் சைக்கிள்களைச் சாதாரண உருக்குக் குழாயில் செய்கிறார்கள். நல்ல சைக்கிளில் "குரோமோலி" என்ற உருக்கைப் போடுகிறார்கள். அது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உருக்கு. மெல்லிய குழாயாக இருந்தாலும் அடி தாங்கும். சைக்கிள் முழுவதும் குரோமோலியாக இருந்தால் விலை கூடும். அது முடியாவிட்டால், முக்கியமான குழாய்களும், முன் ஃபோர்க்கும், பெடல் மாட்டும் கிராங்கும் மட்டுமாவது குரோமோலியாக இருக்க வேண்டும். குதித்து இறங்கும்போது அடி விழுவது அங்கேதான்.

கிராங்கை இன்னொரு தடவை கவனிக்க வேண்டும். ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் உண்டு. கனமான பையன் நாலு தடவை குதித்தால் அது வளைந்துவிடும். நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் இரண்டு கைகள் என்று மூன்று துண்டாகச் செய்த கிராங்க்தான் தாங்கும்.

பின் சக்கரத்தின் ஆக்சில் 14 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். கம்பியில் வழுக்குவதற்காக ஆக்சிலில் குட்டையான குழாய் மாட்டுவார்கள். அதற்குப் "பெக்" என்று பெயர். மெல்லிய ஆக்சிலில் பெக்கை மாட்டி அடித்தால், ஆக்சில் வளைந்து போகும். ரிம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருந்தால் சீக்கிரம் கோணாது.

முன்னால் உள்ள பல் சக்கரம் சின்னதாக இருப்பது நல்லது. முன்னால் 25 பல், பின்னால் 9 பல் என்பது இன்று வழக்கம். பெரிய பல் சக்கரம் திட்டுகளில் இடித்துக்கொள்ளும்.

"வளருகிற பையன், பெரிய சக்கரமாக வாங்கலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தேவை இல்லை. தெரு ஓட்டத்துக்குப் பெரியவர்களும் 20 அங்குலச் சக்கரத்தைத்தான் ஓட்டுகிறார்கள். ஆளுக்கு ஏற்றபடி மாறுவது சீட்டுக்கு முன்னால் உள்ள மேல் குழாயின் நீளம். ஐந்தடி உயரப் பையனுக்கு 20 அங்குலத்தை ஒட்டிய குழாய் போதும். ஆறடி ஆளுக்கு 21 அங்குலம் பொருந்தும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் 16, 18 அங்குலச் சக்கரச் சைக்கிள் உண்டு.

முழுச் சைக்கிளே மலிவு

இதற்கெல்லாம் எவ்வளவு பணம் ஆகும்? தெரு ஓட்டத்துக்கென்றே செய்த முதல் சைக்கிள் ஏறத்தாழ 350 முதல் 500 டாலருக்குள் கிடைக்கிறது.

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம் என்று பையன் சொல்லுவான். அதற்குச் சம்மதிக்கக் கூடாது. தனித் தனியாக வாங்கினால், செலவு இரண்டு மடங்குக்கு மேலே போய்விடும். முழுச் சைக்கிளாக வாங்க வேண்டும். எது தேய்கிறதோ, உடைகிறதோ, அதை மட்டும் பிறகு மாற்ற வேண்டும்.

சைக்கிள் மட்டுமே விற்கும் கடையில் வாங்குவது இன்னும் நல்லது. அங்கே மெக்கானிக் ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்த்துக் கொடுப்பார்.

பழையது என்றால் இழுக்கா?

அவ்வளவு பணமும் இல்லையா? பழைய சைக்கிள் வாங்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. புதிய மலிவுச் சைக்கிளைவிடப் பழைய நல்ல சைக்கிள் எவ்வளவோ மேல்.

ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் வர்ணம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இரும்பு விரிந்திருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருந்தால், சைக்கிள் எங்கேயோ பலமாக மோதி இருக்கிறது. அதை வாங்கவே கூடாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஆடாமல் ஓட வேண்டும்.

பெடல் தண்டு ஓடும் இடத்துக்கு அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைச் சுரண்டி அழித்திருந்தால், திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம். மலிவு என்று அதை வாங்கினால், வம்பு வீட்டுக்கு வரும்.

தலைக்கு விலை உண்டா?

சைக்கிளுக்கு என்று எடுத்து வைத்த பணத்தில், தலைக் கவசத்துக்கு முதலில் ஒதுக்க வேண்டும். மீதியில்தான் சைக்கிள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தலைக் கவசம் இல்லாமல் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது.

தெரு ஓட்டக்காரர்களில் சிலர் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். வித்தை செய்ய அது சுலபம் என்கிறார்கள். கற்றுக்கொள்ளும் பையனுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். சாலையில் ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் வேண்டும் என்பதும் கலிபோர்னியாவில் சட்டம். பின் பிரேக்காவது இருக்கிற சைக்கிளைத்தான் வாங்க வேண்டும்.

மூலையில் போட்டுவிட்டால்?

"இவ்வளவு செலவு செய்து வாங்கிக் கொடுத்தால், இரண்டு மாதத்தில் மூலையில் போட்டுவிடுவானே!" என்று தாயார் கேட்பாள். அந்தக் கேள்வி நியாயமானது.

ஆனால், பல பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குக் காரணமே மட்டமான சைக்கிள்தான். அது கனமாக இருக்கும். துள்ளாது. ஒரு வாரத்தில் கிராங்க் வளையும். "எனக்கு வராது" என்று பையன் நினைத்துக்கொள்ளுவான். குற்றம் அவனுடையது அல்ல, சைக்கிளுடையது! நல்ல சைக்கிளை அவன் விட்டுவிட்டாலும், அதை விற்றால் போட்ட பணத்தில் ஒரு பங்காவது திரும்பும். வளைந்துபோன மலிவுச் சைக்கிளை யார் வாங்குவார்கள்?

பையனையும் இதில் பங்காளி ஆக்கலாம். பக்கத்து வீட்டில் புல் வெட்டிச் சம்பாதித்து, பத்து டாலராவது அவன் போடட்டும். தன் காசு சேர்ந்த சைக்கிளை அவன் மழையில் விடமாட்டான்.

பையன் எப்படியும் விழுவான். விழாமல் இந்த விளையாட்டைக் கற்றவர் யாரும் இல்லை. முதல் தடவை விழும்போதே வர்ணமும் பளபளப்பும் உரிந்துவிடும். மறுபடியும் எழுந்து ஏறுவதற்கு உடையாத சைக்கிள் ஒன்று வேண்டும். தகப்பனார் பணம் கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.