இரண்டு சதவீதத்துக்குள் அடங்காத ஏலமலை

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கையில் தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத்தோட்டங்கள். நாள் முழுவதும் குனிந்து, செடியின் அடித்தூரில் படர்ந்த சரத்திலிருந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது அதே ஜீப்பில் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பச்சைக்காய் ஐந்து கிலோ ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ ஏலக்காய் தேறும். போடியிலும் கேரளத்தின் புத்தடியிலும் நடக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு அது வருகிறது. பிறகு வணிகர்களின் கைமாறி, மசாலாவும் தேநீரும் இனிப்பும் தயாரிக்கும் பெருநிறுவனங்களின் ஆலைகளைச் சேர்கிறது.

அந்த நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஆலை வாசலிலிருந்தா, மலைச்சரிவிலிருந்தா?

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டால் பள்ளிக் கட்டடங்களும் கழிப்பறைகளும் எழுந்தன, கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. நிறுவனம் இயங்கும் ‘உள்ளூர்ப் பகுதி’க்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் உள்ளூர் என்றால் ஆலை இருக்கும் ஊர், அலுவலகம் இருக்கும் நகரம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. ஏலக்காய் மணத்தை விற்று வளர்ந்த நிறுவனத்துக்கு அது விளையும் மலை வெளியூராகிவிடுகிறது.

இன்னொரு 2 சதவீதமும் இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் எப்படி நடத்துகின்றன என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. தங்களுக்குச் சரக்குத் தருவோர் பற்றியும் முதல் 250 நிறுவனங்கள் சொல்லலாம். அது அவற்றின் விருப்பம். அப்படிச் சொல்லும்போதும் மொத்தக் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ தருபவர்களைக் கணக்கில் எடுத்தால் போதும். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் ஏலக்காய் விவசாயி எந்தக் காலத்திலும் அந்த வரம்பை எட்டப்போவதில்லை. அவருடைய தோட்டத்தில் மருந்து அடிப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்த விடுபடல் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதைச் சபரிமலை காட்டியது. அங்கே பிரசாதமாக விற்கும் அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகப் பரிசோதனை சொன்னதையடுத்து, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் எச்சம் பற்றிய கேள்வி மலையில் அப்படியே நிற்கிறது. இலைப்பேனும் துளைப்பானும் தாக்கும் பயிரில் ஆண்டுக்குப் பலமுறை மருந்து அடிக்கிறார்கள். டின்னில் எச்சம் எவ்வளவு என்று அளக்க ஆய்வகம் இருக்கிறது. தெளிப்பானைத் தோளில் சுமப்பவரின் உடம்பில் எவ்வளவு என்று யார் அளக்கிறார்கள்?

பாதிப்புக்குப் பொறுப்பேற்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பக்கத்து மலையே சாட்சி. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் அது நடந்தது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. இதற்கிடையே 2010இலேயே தாய் நிறுவனமான யூனிலீவர், நீடித்த வாழ்வுக்கான தன் உலகளாவிய திட்டத்தை அறிவித்திருந்தது. அங்கே ஆலைக்கு ஒரு முகவரி இருந்தது, முன்னால் நின்று கேட்க ஒரு வாசல் இருந்தது. அப்படியும் 15 ஆண்டுகள். ஆயிரக்கணக்கான சிறு தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் பாதிப்புக்கு அப்படியொரு வாசல்கூடக் கிடையாது.

ஆகவே, மூலப்பொருள் விளையும் இடமும் ‘உள்ளூர்ப் பகுதி’தான் என்று மத்திய அரசு தெளிவுபடுத்த வேண்டும். சமூகப் பணிக்கான அந்த 2 சதவீதப் பணம் முதலில் போக வேண்டிய இடங்கள் வெளிப்படையானவை: நெருக்கியடிக்காத பாதுகாப்பான வாகனம், மருந்து அடிப்பவர்களுக்குக் கவச உடையும் ஆண்டுப் பரிசோதனையும், போடி கிடங்குகளில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மருத்துவ வசதி.

கொள்முதல் முறை மாறாமல் இவை மட்டும் போதாது. வழக்கமான ஏலத்தில் மாதிரிக் காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்து விலை சொல்கிறார்கள். மருந்தைக் குறைத்த விவசாயிக்கு அதற்காகப் பெரும்பாலும் கூடுதல் விலை கிடைப்பதில்லை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குத் தொகுதியுடனும் (லாட்) எச்சப் பரிசோதனை முடிவு வர வேண்டும், அந்தச் செலவைப் பெரிய நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும், எச்சம் குறைந்த காய்க்கு விலை ஏற வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்திடம் ஆய்வகங்கள் இருக்கின்றன; மின்னணு ஏலமும் நடக்கிறது. ஏலத்திரையில் லாட் எண்ணுக்குப் பக்கத்தில் எச்ச அளவுக்கென்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அடுத்த காய் எடுப்பு தொடங்குவதற்குள் அதைச் செய்ய முடியும்.